தேன்சிட்டு வேறு, ஹம்மிங் பறவை வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலும் விடுதி முற்றங்களிலும் எடுக்கப்பட்ட தேன்சிட்டுப் படங்கள் 'ஹம்மிங் பறவை' என்ற பெயரோடு செல்பேசிகளில் வலம் வருகின்றன. சேர்வராயன் மலையில் அப்பறவை இருப்பதாகவே பலரும் நம்பிவிட்டார்கள். ஹம்மிங் பறவைகள் இன்று அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும் மட்டுமே வாழ்கின்றன. நம் செம்பருத்தியில் தொங்குவது ஊதாத் தேன்சிட்டாகவோ ஊதாப்பிட்டத் தேன்சிட்டாகவோ இருக்கும். பறவை வகைப்பாட்டில் அது காகமும் சிட்டுக்குருவியும் அடங்கிய வரிசையைச் சேர்ந்தது.

பூவருகே சற்று நேரம் நின்று பார்த்தாலே வேற்றுமை விளங்கிவிடும். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்துகொண்டுதான் தேன் குடிக்கிறது. பூவின் குழல் நீளமாக இருந்தால், அதன் அடிப்பகுதியை அலகால் குத்தி, மகரந்தத்தைத் தொடாமலே தேனை எடுத்துவிடுகிறது. சில நொடிகள் அந்தரத்தில் சிறகடித்து நிற்கவும் அதற்குத் தெரியும், ஆனால் அப்படியே நின்று வயிறு நிரப்ப அதனால் இயலாது. (பூவுக்கு எதிரே அசையாமல் நின்றபடி தேன் குடிக்கும் சிறு உருவம் ஒன்றை ஏற்காட்டில் பார்த்தேன் என்பவர்கள், நீண்ட உறிஞ்சுகுழல் உடைய அந்துப்பூச்சியைப் பார்த்திருக்கவே வாய்ப்பு அதிகம்.)

ஹம்மிங் பறவையின் சிறகு தோள்மூட்டிலேயே புரண்டு திரும்புவதால், கீழ்நோக்கி அடிக்கும்போது மட்டுமல்லாமல் மேல்நோக்கி எழும்போதும் உடலைத் தாங்கும் விசை கிடைக்கிறது. பின்னோக்கிப் பறப்பதும் அதனால்தான் கைகூடுகிறது. சிறிய இனங்கள் நொடிக்கு ஐம்பது முறைக்கு மேல் சிறகடிக்கின்றன, இதயமோ நிமிடத்துக்கு 1,000 துடிப்புகளையும் தாண்டக்கூடியது. இந்தச் செலவுக்கு ஈடுகட்டப் பகலெல்லாம் தேன் குடித்தாக வேண்டும்; குளிர்ந்த இரவுகளில் உடல் வெப்பத்தைத் தாழ்த்தி மரத்துப்போன நிலையில் கிடப்பதும் உண்டு. நாக்கின் நுனி இரண்டாகப் பிளந்து, ஓரங்களில் மெல்லிய சவ்வு இழைகளைக் கொண்டிருக்கிறது. நுண்குழாயில் நீர் தானாக ஏறுவதுபோல் தேன் ஏறுகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நாக்கு தேனுக்குள் விரிந்து, வெளியே வருகையில் சுருண்டு தேனைச் சிறைபிடிக்கிறது என்பதை 2011ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டியது. தேனில் புரதம் அரிது என்பதால் சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் அது தின்கிறது. கியூபாவில் வாழும் மிகச் சிறிய இனத்தின் எடை ஏறத்தாழ 2 கிராம்தான்.

ஹம்மிங் பறவைக்கு நம் ஊரில் நெருங்கிய உறவு உண்டென்றால் அது, வானில் பறந்தபடியே பூச்சி பிடிக்கும் உழவாரன்தான். இரண்டும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டவை. இரண்டுக்கும் மேற்கை எலும்பு குட்டையானது, கைப்பகுதி எலும்புகள் நீண்டவை, கால்கள் மிகச் சிறியவை. உழவாரன் செங்குத்தான பரப்பைப் பற்றித் தொங்குமே தவிரத் தரையில் தத்தி நடக்காது. அலகு சிறிதாகத் தோன்றினாலும் வாய் கண்ணுக்குக் கீழ்வரை பிளந்திருப்பதால், பறந்தபடியே ஈசலையும் இறக்கை முளைத்த எறும்பையும் கொசுவையும் அள்ளிக்கொள்கிறது. ஐரோப்பிய உழவாரன் நூற்றுக்கணக்கான பூச்சிகளை எச்சிலால் உருண்டையாக்கித் தொண்டையில் சுமந்து குஞ்சுகளுக்குக் கொண்டுசெல்கிறது. அந்த உழவாரன்களில் சில பத்து மாதங்கள் ஏறக்குறைய இறங்காமலே பறந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2016இல் பதிவு செய்தனர். மழை விட்ட மாலையில் மூக்கனேரிக்கு மேலே ஈசல் எழும்போது பார்த்தால், நாட்டு உழவாரனின் வெண்பிட்டமும் பனை உழவாரனின் பிளவுபட்ட மெல்லிய வாலும் தலைக்கு மேலேயே தெரியும்.

பனை உழவாரனுக்கு வீடு நம் மாநில மரம். தொங்கும் ஓலையின் அடிப்புறத்தில், மடிப்பை ஒட்டி, காற்றில் பறக்கும் இறகையும் பஞ்சையும் பிடித்துவந்து தன் எச்சிலால் ஒட்டி, அரைக்கிண்ணம் போன்ற சிறு கூட்டைக் கட்டி இரண்டு மூன்று முட்டைகள் இடுகிறது. காய்ந்து தொங்கும் காவோலைகள் நமக்குக் குப்பையாகத் தெரிகின்றன. அழகுக்காக மரத்தை மொட்டையாகச் சிரைப்பதும், வயலோரச் சருகுக்கு வைத்த தீ காவோலையில் பற்றி உச்சிவரை ஏறுவதும் கூட்டோடு குஞ்சுகளை அழித்துவிடுகின்றன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது வரவேற்கத்தக்கது; ஓலை கழிப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆகவே, பனமரத்துப்பட்டி முதலான ஏரிக்கரைகளிலும் சாலையோரங்களிலும் பனைகளைப் பராமரிப்போர், ஓலை கழிக்கும் முன் அடியில் நின்று பறவைகள் வந்துபோகின்றனவா என்று பார்க்கவும், மரத்துக்குச் சில காவோலைகளையாவது விட்டுவைக்கவும் மாவட்ட நிர்வாகம் அறிவுறுத்த வேண்டும். ஏற்காட்டுப் பூங்காக்களில் தேன்சிட்டுகளின் படத்தையும் பெயரையும் தாங்கிய பலகைகளைத் தோட்டக்கலைத் துறை வைத்தால் சுற்றுலாப் பயணிகளின் குழப்பமும் தீரும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கன்னங்குறிச்சி, சேலம்.