அய்யனார் கோயில் ஊருணித் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் கமிட்டியின் அறிக்கை

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஊருணி வேலையும் மதில் வேலையும் முடிந்து, ஆவணியில் குடமுழுக்கும் நல்லபடியாக நடந்துவிட்டது. மடைப்பள்ளிக்கு ஓடு மாற்றியது, படித்துறையில் சரிந்த கற்களை நிமிர்த்தியது, வரத்துக்காலைச் சுத்தம் செய்தது எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. வரவு செலவுத் தாள் தனியாக இருக்கிறது. அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் ஊருணியை ஏன் இன்னும் ஆழமாக வெட்டவில்லை, அள்ளிய மண்ணை ஏன் காசாக்கவில்லை, ஒப்பந்தக்காரரோடு என்ன தகராறு, செலவு ஏன் மதிப்பீட்டைத் தாண்டிக் கால்பங்கு கூடியது என்பவைதான். கமிட்டி கமிஷன் கேட்டது என்று டீக்கடையில் பேசியதும் எங்கள் காதுக்கு வந்தது. அதற்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் ஆழம். நம் மாவட்டத்தில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். கடலோரத்தில் இருக்கிற நமக்கு மண்ணுக்கு அடியில் இருப்பது உப்பு நீர். மணலில் இறங்கும் மழைத் தண்ணீர் எடை குறைவு என்பதால் அந்த உப்பு நீருக்கு மேலே தங்கி நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உப்பு விலகி நிற்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. அந்த ஓர் அடியை மோட்டார் போட்டு உறிஞ்சினால், கீழிருந்து உப்பு மேலே ஏற ஆரம்பிக்கும். போர் போட்ட வீடுகளில் முதல் சில வருஷம் நல்ல தண்ணீர் வந்து, பிறகு பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நம் ஊருணி இதற்குத் தப்பி நிற்பதற்குக் காரணம் அதன் அடியில் இருக்கும் களிமண். அந்தப் படுகைதான் மேலே மழைத் தண்ணீரையும் கீழே உப்பையும் பிரித்து வைத்திருக்கிறது. கரையோரம் பக்கவாட்டில் கசிவதுதான் ஊற்றுக்கிணற்றுக்குப் போகிறது. அதனால் ஒப்பந்தத்திலேயே "வண்டல் முழுவதையும் எடுக்க வேண்டும், களி தென்பட்டதும் நிறுத்த வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

ஒப்பந்தக்காரர் தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் வேலை செய்தார். அப்புறம் வடகிழக்கு மூலையில் ஜேசிபி களியைக் குத்திக்கொண்டு கீழே இருந்த மணலுக்கு இறங்கிவிட்டது. கை தவறி நடந்ததல்ல. அந்த மணல் வீட்டுமனை நிரப்ப நல்ல விலைக்குப் போகும். இருட்டிய பிறகு டிப்பர் போன சத்தத்தைக் கேட்ட கிழக்குத் தெருக்காரர்கள்தான் வந்து சொன்னார்கள். மறுநாள் காலையில் வண்டியை நிறுத்தினோம். "ஆழம் கூடினால் ஊருக்குத்தானே லாபம், இதற்குப் போய் வேலையை நிறுத்துகிறீர்களே" என்றார் ஒப்பந்தக்காரர். நம் உறுப்பினர்கள் சிலரும் அவர் பக்கம் பேசினார்கள். வண்டி சும்மா நின்றதற்கு வாடகை வேண்டும் என்றும் கேட்டார்.

அந்தக் குழியில் தானாகவே தண்ணீர் ஊறியது. ஊற்று கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. குடம் எடுத்து வந்த கடற்கரைத் தெரு அக்காமார் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார்கள். கரிப்பு. அதற்குமேல் எங்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அந்த மூலையை அப்படியே விட்டிருந்தால், மழைக்காலத்தில் நிறைகிற தண்ணீர் அந்த ஓட்டை வழியே இறங்கிப் போயிருக்கும். கோடையில் கீழிருந்து உப்பு ஏறியிருக்கும். எத்தனை தலைமுறைத் தண்ணீர் ஒரு மூலையில் போயிருக்கும்!

மூடித் தரச் சொன்னதற்கு ஒப்பந்தக்காரர் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார். செம்மண் தண்ணீரைப் பிடிக்காது. அதை ஏற்க மறுத்தோம். கடைசித் தவணையை நிறுத்தி வைத்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி, கண்மாய்க் களியை நாங்களே கொண்டுவந்தோம். அரை அடி அரை அடியாகப் பரப்பி, நனைத்து, ரோலர் விட்டு இறுக்கினோம். கூடுதல் செலவு முழுக்க இதில்தான். வழக்குப் போடுவேன் என்றவரை ஊர்ப் பெரியவர்கள் உட்காரவைத்துப் பேசினார்கள். நிறுத்தி வைத்த தவணை ஊருக்கு, வாடகைக் கோரிக்கை தள்ளுபடி என்று எழுதி முடிந்தது. அந்தத் தாளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கமிட்டி கமிஷன் கேட்டதால்தான் தகராறு வந்தது என்று பேசியவர்கள் அவசியம் வந்து பார்க்க வேண்டும்.

மண்ணை விற்கவில்லை என்பது உண்மை. மண் சிறு கனிமம். அனுமதி இல்லாமல் விற்க ஊருக்கே உரிமை கிடையாது. வண்டல் கரைக்கும், கேட்ட சம்சாரிகளின் வயலுக்கும் போனது.

அடுத்து, ஊருணிக் கரையில் இருக்கும் சீமைக்கருவேல மரங்கள் பற்றி. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது நம் ஊரிலும் வெட்டினார்கள். தூரை விட்டுவிட்டு வெட்டினால் அது தழைக்கத்தான் செய்யும். இந்தத் தடவை தூரோடு பிடுங்கினோம். நெற்றைத் தின்ற ஆடுமாடு சாணத்தோடு விதையையும் போடும் என்பதால், முளைத்ததை வருஷா வருஷம் பிடுங்க ஆள் வைக்க வேண்டும். வெளிக்கரை மரங்களை இப்போதைக்கு விட்டது கரிமூட்டம் போடும் குடும்பங்களுக்காக. தண்ணீர் இல்லாமல் விவசாயம் போன வருஷங்களில் அந்தக் கரிதான் அவர்களுக்குச் சோறு போட்டது. ஒரே நாளில் மொட்டையடிப்பது நியாயமாகப் படவில்லை. உள்கரையில் பனங்கொட்டை ஊன்றியிருக்கிறோம். அவை தலையெடுத்த பிறகு வெளிக்கரைக்கு வருவோம்.

மதில் பழைய முருகைக்கல் மதில். இடிந்த பகுதிக்குப் புதுக்கல் தீவிலிருந்து எடுத்து வரலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்குக் கமிட்டி ஒருபோதும் ஒப்பாது. முருகைக்கல் என்பது பவளப்பாறை. நம் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி அலையின் வேகத்தை அடக்குவதும், மீன் குஞ்சு பொரித்து வளர இடம் கொடுப்பதும் அதுதான். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வருஷக்கணக்கில் வெட்டி எடுத்ததில், 21 தீவுகளில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும், தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. 1986-இலேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆன இடம் அது. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் சேர்ந்தது. சட்டம் இல்லாவிட்டாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்போம். இடிந்த கல்லையே அடுக்கி, கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசிக் கட்டினோம். உயரம் ஓரடி குறைந்தது. கோயிலுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

கோயில் நிலத்தை இறால் பண்ணைக்குக் குத்தகை விட்டால் செலவை ஈடுகட்டலாம் என்ற மனுவையும் தள்ளிவிட்டோம். கடலோரத்தில் விவசாய நிலத்தையும் ஊர்ப்பொது நிலத்தையும் இறால் குளமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. உப்புத் தண்ணீரைத் தேக்கினால் அடுத்து போவது ஊருணிதான்.

துண்டு விழுந்த பணம் நன்கொடையால் சரியானது. துபாயிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள், கீழக்கரை ஜவுளிக்கடை பாய், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா, கடற்கரைத் தெரு மகளிர் குழு, நாட்டுப்படகு சங்கம், கரிமூட்டக்காரர்கள், பலசரக்குக் கடை அண்ணாச்சி, பனங்கொட்டை பொறுக்கித் தந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒருநாள் கூலியை அப்படியே கொடுத்த ரோலர் டிரைவர் தம்பி, பெயர் போட வேண்டாம் என்று உண்டியலில் சங்கிலியைப் போட்டவர், எல்லோருக்கும் கமிட்டியின் நன்றி. முழுப் பட்டியல் மண்டபத்துப் பலகையில் இருக்கிறது. விடுபட்ட பெயர் இருந்தால் பொருளாளரிடம் சொல்லுங்கள்.

இந்தக் கமிட்டியின் காலம் இத்துடன் முடிகிறது. உண்மையில் உடம்பும் ஓய்ந்துவிட்டது. புதிய கமிட்டியிடம் இரண்டைத் தீர்மானமாக ஒப்படைக்கிறோம்: ஊருணிக் கரையை ஒட்டி யாருக்கும் போர் போட அனுமதி தரக் கூடாது, ஐப்பசி மழைக்கு முன் வடகிழக்கு மூலைக் களியில் வெடிப்பு இருக்கிறதா என்று வருஷந்தோறும் பார்க்க வேண்டும். கணக்குப் புத்தகமும் ரசீதுகளும் வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் கோயில் மண்டபத்தில் பார்வைக்கு இருக்கும்.