பதினொரு கிலோ எங்கே போயிற்று?

காரைக்குடி

அன்புள்ள வள்ளியப்பா,

நலம். நீயும் ஆச்சியும் நலந்தானே? பதினொரு கிலோ இறக்கிவிட்டாய் என்று வீட்டில் சொன்னேன். "போட்டோ அனுப்பச் சொல்லுங்க, பாத்துட்டு நம்புறேன்" என்றாள். அதில் நாலு கிலோ திரும்பி வந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய் பார், அதை நான் அவளிடம் சொல்லவில்லை. வாயைக் கட்டத் தெரியாத ஜென்மம் என்று உன்னையே நீ திட்டிக்கொள்கிறாய். அந்தத் திட்டு உனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் இத்தனை நீளக் கடிதம்.

முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். கொழுப்பு வேர்வையாக வெளியேறுகிறது என்று உங்கள் ஜிம்காரர் சொல்கிறாராம். வேதியியல் நடத்தியே தலை நரைத்தவனிடம் இதைக் கேட்டால் சமன்பாடு எழுதாமல் விடுவேனா? கொழுப்பு மூலக்கூறு ஒன்றில் சராசரியாக 55 கார்பன், 104 ஹைட்ரஜன், 6 ஆக்ஸிஜன் அணுக்கள். அது முழுசாக எரிய 78 ஆக்ஸிஜன் மூலக்கூறு வேண்டும். எரிந்த பிறகு கிடைப்பது 55 கார்பன் டை ஆக்சைடும் 52 தண்ணீரும். ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் இதை எடைக் கணக்காக்கி 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சு வழியாகப் போகிறது. சிறுநீர், வேர்வை எல்லாம் சேர்த்துத் தண்ணீராகப் போவது 1.6 கிலோதான். கொழுப்பு அப்படியே சக்தியாக மாறிவிடுகிறது என்று டாக்டர்களிலேயே பலர் நினைத்திருந்தார்களாம். பத்து கிலோ நிஜமாகவே சக்தியாக மாறியிருந்தால் உங்கள் தெருவே மிஞ்சியிருக்காது! அதற்காக உட்கார்ந்த இடத்தில் மூச்சை இழுத்து இழுத்து விட்டால் போதும் என்று கிளம்பிவிடாதே. மயக்கந்தான் வரும். தசை வேலை செய்தால்தான் கூடுதலாக எரியும்.

சரி, கொழுப்பு போயிற்று. அதை வைத்திருந்த செல் என்ன ஆயிற்று? நாலு கிலோவின் கதை அங்கேதான் இருக்கிறது.

சாப்பிடாமல் இருக்கும்போது ரத்தத்தில் இன்சுலின் அளவு குறைகிறது. உடனே கொழுப்புச் செல் தன் சரக்கை உடைத்துக் கொழுப்பு அமிலமாகவும் கிளிசராலாகவும் ரத்தத்தில் விடுகிறது. செல் சுருங்குகிறது. ஆனால் அதனால் சாவதில்லை. இதை ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் கண்டுபிடித்த விதம் இருக்கிறதே, வகுப்பில் சொல்லியிருந்தால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். நாம் அரைக்கால் சட்டை போட்ட காலத்துக்கு முன்னால் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தன அல்லவா? 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அது பெரும்பாலும் அடங்கியது. அந்த வெடிப்புகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறி, பிறகு வருஷா வருஷம் குறைந்தது. ஒரு செல் பிறக்கும்போது காற்றில் எவ்வளவு இருந்ததோ அந்த அளவு சாப்பாடு வழியாக அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும். அதை வைத்துச் செல்லின் வயதைக் கணித்தார்கள். 2008-ல் நேச்சர் இதழில் வந்தது. கொழுப்புச் செல்களில் வருஷத்துக்குப் பத்தில் ஒன்று செத்து, அந்த இடத்தில் புதுசு வருகிறது. மொத்த எண்ணிக்கை மட்டும் வாலிபத்திலேயே ஏறக்குறைய நிலைத்துவிடுகிறது. இளைப்பதற்கென்றே வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு ஏராளமாக இளைத்தவர்களிடம் இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் எண்ணிக்கை குறையவில்லை, அளவுதான் சிறுத்திருந்தது.

போன மாதம் கானாடுகாத்தானில் லெட்சுமணன் பேத்தி கல்யாணத்துக்குச் சாமான் அறையைத் திறந்தார்கள். பித்தளை அண்டா, பேர் வெட்டிய எவர்சில்வர் தூக்கு, எனாமல் தட்டு என்று உத்தரம் வரை அடுக்கு. எல்லாம் காலி, ஆனால் ஒன்றைக்கூட யாரும் கழிக்கவில்லை. உன் செல்லும் அப்படித்தான், வள்ளியப்பா. ஆனால் தூக்கு காலியாக இருந்தால் சும்மா இருக்கும், செல் சும்மா இருக்காது. நிறைந்திருக்கும்போது அது லெப்டின் என்ற ஹார்மோனை விட்டு, கையிருப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 1994-ல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது அது. நீ இளைத்ததும் லெப்டின் விழுகிறது. மூளை பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டி, உடம்பின் செலவைக் குறைக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு நீ ஃபிரிட்ஜைத் திறப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. 2024-ல் சூரிச்சில் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். முன்பு பருத்திருந்து இளைத்த எலியின் கொழுப்புச் செல்லில் பழைய பருமனின் அடையாளம் மரபணுக்கள் மேல் ஒட்டிக்கொண்டே இருந்தது. திரும்பவும் கொழுத்த தீனி போட்டதும் மற்ற எலிகளைவிட வேகமாகப் பருத்தன. இளைத்த மனிதர்களின் செல்லிலும் மரபணு வேலை பழையபடி முழுசாகத் திரும்பவில்லை.

உன் மகன் சொல்கிற, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷன் பற்றியும் கேட்டிருந்தாய். அதில் செல்லே போய்விடும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் பருமனான பெண்களுக்கு வயிற்றிலிருந்து பத்து கிலோ போல எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2004-ல் வந்தது. இன்சுலின், ரத்த அழுத்தம், கொலஸ்டிரால் எதிலும் முன்னேற்றம் இல்லை. பட்டினி கிடந்தோ நடந்தோ செல்லைச் சுருக்கினால் கிடைக்கும் லாபம் கத்தியில் கிடைக்கவில்லை. காசை மிச்சம் பிடி. தராசையும் கொஞ்சம் மறந்துவிட்டு இடுப்பில் டேப் வை. நம்மவர்களுக்கு ஒல்லியாகத் தெரிகிற உடம்பிலும் வயிற்றுக்குள் கொழுப்பு தங்கும். அதனால்தான் நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். ஏழு கிலோ இன்னும் கையை விட்டுப் போகவில்லை, அதைக் காப்பாற்று. மிச்சத்துக்கு இப்போது அவசரமில்லை.

கல்யாணப் பந்தியைச் சொல்லாமல் விட்டால் கோபிப்பாய். வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் விழுந்ததும் முதலில் அடியில் போய், பிறகு விளிம்பில் பொரிந்துகொண்டு உப்பி மேலே வந்தது. சமையல்காரர் கரண்டியால் அதன் தலையில் எண்ணெயை வாரி வாரி விட்டார். கிராமுக்கு ஒன்பது கலோரி என்ற கணக்கு தெரிந்தும் வரமிளகாய்த் துவையலோடு நாலு சாப்பிட்டேன். கவுனி அரிசியை மட்டும் இரண்டாந்தடவை வேண்டாமென்றேன்.

உங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஓடு நகர்ந்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஆளை ஏற்ற வேண்டும். சாவி உன் சின்னம்மா வீட்டில் இருக்கிறதா, இல்லை தேவகோட்டைக்குப் போய்விட்டதா? எழுது. எடை குறைந்த பிறகும் சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருக்கிறாய் என்றால் உடனே டாக்டரைப் பார். சர்க்கரை தாழ்ந்துபோய்க் கீழே விழுந்தால் பார்த்துக்கொள்ள நான் அங்கே இல்லை.

உன்
சொக்கலிங்கம்