க்ளவில் படாவிட்டால் எரர் இல்லையாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த பேஸ்பால் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பிடித்துப்போய் இல்லை. முதல் தடவை கண்ணாடியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து மறுபடி படித்தேன். "உயரே வரும் பந்து ஃபீல்டரின் க்ளவில் பட்டு நழுவினால்தான் எரர், படாமலே தரையில் விழுந்தால் பேட்டருக்கு ஹிட்" என்று உங்கள் கட்டுரையாளர் தீர்ப்பே எழுதிவிட்டார். (க்ளவ் என்பது கையுறை; எரர் என்பது ஃபீல்டர் கணக்கில் ஏறும் பிழை; ஹிட் என்பது பேட்டர் கணக்கில் சேரும் நல்ல அடி.)

உங்களுக்குத் தெரியாததா, அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீகான மேஜர் லீகின் விதிப் புத்தகத்தில் 9.12 என்று ஒன்று இருக்கிறது. எரர் கொடுப்பதற்கு ஃபீல்டர் பந்தைத் தொட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று அதில் பச்சையாகவே எழுதியிருக்கிறது. அந்த இடத்தில் நிற்கிற, அந்த லீகின் சராசரி ஆட்டக்காரர் ஒருவர் சாதாரண முயற்சியில் பிடித்திருக்கக்கூடிய பந்தா என்பதுதான் கேள்வி. ஆமாம் என்று கணக்கு எழுதும் ஸ்கோரருக்குத் தோன்றினால், பந்து படாமல் விழுந்தாலும் எரர். மைதானம் எப்படி இருந்தது, வெயிலா காற்றா என்பதையும் கணக்கில் எடுக்கலாம். சந்தேகம் இருந்தால் பேட்டருக்குச் சாதகமாகப் போகச் சொல்லியிருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் பட்டதா படவில்லையா என்பது கேள்வியே இல்லை.

இதற்குப்போய் ஒரு கடிதமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இதில் பழைய காயம் இருக்கிறது.

என் மகன் பன்னிரண்டு வயதில் இங்கே சனிக்கிழமை லீகில் பிட்சராக, அதாவது பந்து எறிபவனாக, இருந்தான். ஒரு ஆட்டத்தில் மைதானத்தின் இடது கோடியான லெஃப்ட் ஃபீல்டுக்குத் தென்னங்குலை மாதிரி சோம்பலாக ஒரு பந்து இறங்கியது. அங்கே நின்ற பையன் இரண்டடி வைத்தால் போதும். வைக்கவில்லை. சென்டரில் இருந்தவன் பிடிப்பான் என்று இவனும், இவன் பிடிப்பான் என்று அவனும் பார்த்துக்கொண்டே நிற்க, பந்து புல்லில் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று ரன். ஸ்கோர் எழுதிய தன்னார்வலர் அப்பா ஹிட் என்று போட்டார், அதுவும் பேனாவால். போய்க் கேட்டேன். "தொடவே இல்லையே சார்" என்றார். லெஃப்டில் நின்றது யார் பையன் என்பதை நான் சொல்லப்போவதில்லை. மூன்றும் என் மகன் தலையில் எர்ன்ட் ரன்னாக, அதாவது எரர் இல்லாமல் பிட்சரே விட்டுக்கொடுத்த ரன்னாக, ஏறியது, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் வாயே திறக்கவில்லை.

அடுத்த சீசனில் ஸ்கோர் புத்தகத்தை நானே வாங்கிக்கொண்டேன், பென்சிலோடு. நாலு சீசன் எழுதினேன். பன்னிரண்டு வயதுப் பையனுக்குச் சாதாரண முயற்சி என்பது வேறு, மேஜர் லீக்காரருக்கு வேறு, ஒரே பந்து இங்கே ஹிட், அங்கே எரர் என்பதெல்லாம் எழுதி எழுதித்தான் புரிந்தது. ஒரு தடவை என் மகனுக்கே எரர் போட்டேன். பிட்சர் மேட்டுக்குப் பக்கத்தில் செங்குத்தாக இறங்கிய பந்து, அவன் நின்று வேடிக்கை பார்த்தான், தொடவில்லை. வீட்டில் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. அதனால் தயவுசெய்து எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

"மனத் தவறுக்கும் கணிப்புப் பிசகுக்கும் எரர் கிடையாது" என்று ஒரு வரியும் அதே விதியில் இருக்கிறது. ஸ்கோரர்கள் எல்லாரும் அதற்குள் போய் ஒளிந்துகொள்கிறார்கள், உங்கள் கட்டுரையாளரும் அதைத்தான் அரைகுறையாகக் கேட்டிருப்பார். எந்த பேஸுக்கு (ஓடுபவர் தொட வேண்டிய மூலைக்கு) எறிவது என்று குழம்பி நிற்பவருக்கான வரி அது. நேராகத் தலைக்கு மேல் வந்த பந்தைக் கோட்டை விட்டவருக்கு எழுதிக்கொடுத்த மன்னிப்புச் சீட்டு இல்லை.

இந்தத் "தொட்டால்தான் பாவம்" சித்தாந்தம் என்ன செய்யும் என்பதற்கு மேஜர் லீகின் 1912 வேர்ல்ட் சீரிஸ் (கோப்பைக்கான இறுதித் தொடர்) போதும். கடைசி ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். ஜயன்ட்ஸ் அணியின் ஃப்ரெட் ஸ்நாட்கிராஸ் சென்டரில் சுலபமான பந்தை நழுவவிட்டார். எரர், நியாயம்தான். அடுத்து வந்த எதிரணியின் ஹாரி ஹூப்பர் அடித்ததை ஓடிப்போய் அருமையாகப் பிடித்தார், அதை யாரும் பேசுவதில்லை. அதே இன்னிங்ஸில் எதிரணியின் ட்ரிஸ் ஸ்பீக்கர் அடித்த ஃபவுல் பந்து ஒன்று (கோட்டுக்கு வெளியே போனது, பிடித்திருந்தால் அவுட்), சுற்றி நின்றவர்கள் நடுவே யாரும் தொடாமல் விழுந்தது. ஸ்பீக்கர் அப்புறம் அடித்த ஹிட்டில்தான் ஆட்டம் சமன் ஆனது. ஆனால் "30,000 டாலர் நழுவல்" என்ற பட்டம் ஸ்நாட்கிராஸுக்கு மட்டும். 1974இல் அவர் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் தலைப்பிலேயே அந்தப் பந்தைச் சேர்த்துவிட்டது. 62 வருஷம், சார்!

1968 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தைப் பாருங்கள். ஜிம் நார்த்ரப் அடித்த பந்துக்கு கர்ட் ஃப்ளட் முதலில் முன்னால் அடி வைத்தார், அப்புறம் திரும்பும்போது சறுக்கினார், பந்து தலையைத் தாண்டிப் போய்விட்டது. அன்றைக்கு சென்டர் ஃபீல்டில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. க்ளவில் படவில்லை, எனவே ட்ரிபிள், அதாவது மூன்று பேஸ் ஹிட். அதில் வந்த இரண்டு ரன்னும் அதே அணியின் பிட்சர் பாப் கிப்சன் கணக்கில் எர்ன்ட். அந்த சீசன் முழுக்க 1.12 ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த எர்ன்ட் ரன்) வைத்திருந்த மனிதர்! ஃப்ளட்டை நான் குறை சொல்லவில்லை. சறுக்கினார், சரி, ட்ரிபிளே சரி என்று வாதாடுபவர்கள் உண்டு. அதற்கு கிப்சன் ஏன் பில் கட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

2024 வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாவது ஆட்டம் இதைவிட வேடிக்கை. யாங்கீஸ் 5-0 முன்னிலை. அவர்களின் ஆரன் ஜட்ஜ் கைக்கு வந்த பந்தை விட்டார், எரர். கொஞ்சம் கழித்து முதல் பேஸுக்கு ஓட வேண்டிய பிட்சர் கெரிட் கோல் ஓடாமல் நின்றார், அது ஹிட். ஐந்து ரன் போனது, ஐந்துமே அன்எர்ன்ட், அதாவது பிழையால் வந்தவை, பிட்சர் தலையில் ஏறாதவை. கோலின் கணக்கு வெள்ளை வெளேர். எதிரணி டாட்ஜர்ஸ் 7-6 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கிரிக்கெட்டில் கேட்ச் விட்டால் ஸ்கோர் அட்டையில் ஒரு எழுத்தும் விழாது, அது ஒரு விதத்தில் நாகரிகம். ஹென்றி சாட்விக் என்ற கிரிக்கெட் தெரிந்த ஆங்கிலேயர்தான் பேஸ்பாலுக்குப் பெட்டி ஸ்கோர் (ஆட்டக் கணக்கைக் கட்டம் கட்டிக் காட்டும் அட்டவணை) போட்டு, பிழைகளையும் எண்ண வைத்தார். எண்ணுவது என்று ஆன பிறகு ஒழுங்காக எண்ண வேண்டாமா?

உங்களிடம் சொல்ல இன்னும் இருக்கிறது. போன வருடம், மாற்று பிட்சர்கள் தயாராகும் இடமான புல்பென் என்பதைக் "காளைத் தொழுவம்" என்று அச்சிட்டீர்கள், பிட்சர்கள் தொழுவத்தில் தயாராகிக்கொண்டிருந்தார்களாம். அதற்கு நான் எழுதிய கடிதம் வரவில்லை, அந்த இடத்தில் வெண்டைக்காய் மண்டிக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. மண்டி நன்றாகத்தான் இருந்தது, செய்து பார்த்தோம். அதற்கு முன்னால் பேஸ்பால் கட்டுரைக்கு சாஃப்ட்பால் படம் போட்டீர்கள். பொறுத்துக்கொண்டேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் இரண்டே வரி: "பந்து க்ளவில் படாவிட்டாலும் எரர் கொடுக்கலாம்." எந்த மூலையில் போட்டாலும் சரி, மண்டிக்குக் கீழே போட்டாலும் சரி, நான் தேடிப் படித்துக்கொள்கிறேன். பேனாவால் எழுதிய அந்த அப்பாவும் உங்கள் சந்தாதாரர்தான்.

இப்படிக்கு,
பத்தொன்பது வருடச் சந்தாதாரர்,
நியூ ஜெர்சி