பெரட்டுச் சங்கு நடுராத்திரியிலும் ஊதட்டும்

மலையோர மாவட்டங்களில் பேரிடர்ப் பொறுப்பு வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். அக்கா இன்னும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள். அவள் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு வெடிப்பு. போன மழைக்கு முன்னால் விரல்கூட நுழையாது, இப்போது என் உள்ளங்கை போகிறது. அடுப்படிச் சுவரிலும் அதே வாக்கில் ஒரு கீறல். ராத்திரி படுக்கும் முன் அதன்மேல் சாணியைக் குழைத்துப் பூசுவாள். காலையில் பூச்சு பிளந்திருந்தால் பிள்ளைகளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். மண்சரிவை முன்கூட்டி அறிய எங்களிடம் இருக்கும் கருவி அவ்வளவுதான். வந்து பார்த்த அதிகாரி ஒருவர், மழை விடட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை விட்டபிறகு என்ன மிஞ்சும் என்று மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் பார்த்தோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு, தூங்கிக்கொண்டிருந்த லயங்களை மண் மூடியது. 70 பேர் போனார்கள். பலர் கயத்தாறு பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பத்தினர். கரண்ட் இல்லை, போன் இல்லை. வெளியே தெரிவதற்குள் விடிந்துவிட்டது. அங்கே போகும் வழியிலிருந்த பெரியவாரைப் பாலத்தையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது.

எல்லாவற்றையும் மண்சரிவு என்றுதான் சொல்கிறோம். மூணாறு கேப் ரோடு என்ற மலைச்சாலையில் பாறை உருண்டு விழுவது ஒன்று. சாலைக்காக மலையைச் செங்குத்தாக வெட்டினால் அது நடக்கும். அக்கா வீட்டு மேடு போல மெல்ல நகர்வது வேறு. பெட்டிமுடியில் வந்தது உருள்பொட்டல். இந்த மலைகளில் கடினப் பாறையின் மேல் கொஞ்சம்தான் மண். விடாத மழையில் மண் நிறைந்துவிடும், பாறையோ நீரை உள்ளே விடாது. தேங்கிய நீரின் அழுத்தத்தில் மண் பிடியை விடுகிறது. அப்புறம் மண்ணும் பாறையும் மரமும் சேர்ந்து ஓடை வழியே பாய்கின்றன. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் மண் பிடுங்கிக்கொண்டது, முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அடித்துக்கொண்டு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடியது. அதனால் வீட்டுக் கொல்லையை மட்டும் பார்த்தால் போதாது. ஆளில்லாத உச்சியில் எவ்வளவு பெய்தது என்று தெரிய வேண்டும்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே ஆரஞ்சு எச்சரிக்கை, ஒரே சிவப்பு எச்சரிக்கை என்றால் எங்களுக்கு உதவாது. ஒரு மலைக்கு அந்தப் பக்கம் தூறும், இந்தப் பக்கம் கொட்டும். வயநாட்டின் ஹியூம் மையம் என்ற சூழலியல் ஆய்வு அமைப்பு ஊர் ஊராக வைத்த மழைமானிகளைப் பார்த்துத்தான் முண்டக்கைச் சரிவுக்கு முந்தைய நாள் காலையிலேயே எச்சரித்தது.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனுக்கும் (பிரிவுக்கும்) ஒரு மழைமானி வையுங்கள். அளவு தாண்டினால், யாரிடமும் கேட்காமல் சங்கை ஊத லயத்தில் ஒருவருக்கு அதிகாரம் கொடுங்கள். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு, எங்களை எழுப்பும் சங்கு உயிர் பிழைக்கவும் எழுப்பட்டும். கரண்ட் போனால் கையால் சுற்றும் சைரன் போதும். என் கைபேசிக்கு வந்த எச்சரிக்கை மலையாளத்தில் இருந்தது, அக்காவுக்கு அது வாசிக்கத் தெரியாது, தமிழிலும் அனுப்புங்கள். ஓடை திடீரென்று கலங்கினாலோ, கொட்டும் மழையில் தண்ணீர் குறைந்தாலோ உடனே கிளம்ப வேண்டும், ஓடையோரமாக இறங்காமல் பக்கவாட்டில் விலகி மேடேற வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்படி சொல்லுங்கள்.

ஜூனில் மழை பிடித்துவிடும். அக்கா வீட்டு வெடிப்பை வெயில் அடிக்கும்போதே ஒருமுறை வந்து பாருங்கள்.