உன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடந்தேன்

அன்புள்ள மகன் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மூன்று கிழமையாக உன் போன் வரவில்லை. வேலை கூடப் போல என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. எதிலும் கையெழுத்துப் போட முதல் முழுக்க வாசி.

போன சனிக்கிழமை நடைக்குழுவோடு சால்ஸ்பரி சமவெளிக்குப் போனேன். பதினாறு பேர். நான் ஒருவன்தான் தமிழ். அலுமாரிக்குக் கீழே நீ விட்டுவிட்டுப் போன சப்பாத்தை எடுத்தேன். இரண்டு சோடி மேஸ் போட்டதும் அளவாக வந்துவிட்டது. திரும்பி வந்து கழுவினால் சுண்ணாம்பு மண் வெள்ளைச் சேறாகத் தையலுக்குள் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. பழைய பல்துலக்கியால் தேய்த்து வைத்திருக்கிறேன்.

வார்மின்ஸ்டர் பக்கமாகத்தான் ஏறினோம். கூட்டிக்கொண்டு போனவர் முந்தி பிரிட்டிஷ் ஆமியில் இருந்த மனிதர், நல்லவர். 1897 தொடக்கம் ஆமி பயிற்சிக்கென்று அந்த நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியதாம். இப்போது 38,000 ஹெக்டேயர் அளவு. மரம் குறைவு, கண் போகிற மட்டும் புல். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் வெட்டை. சிவப்புக் கொடி ஏறியிருந்தால் உள்ளே போகக்கூடாது, பாதையை விட்டு இறங்கக்கூடாது, கிடக்கிற இரும்பு எதையும் தொடக்கூடாது என்று மூன்று தரம் சொன்னார். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கண்ணிவெடி மண்டையோட்டுப் பலகைகளை நீயும் படத்தில் பார்த்திருப்பாய்.

டாங்கி போன தடத்தில் மழைத் தண்ணீர் நின்றது. அதற்குள் நகத்தளவு ஒரு பிராணி, கண்ணாடி மாதிரி, மல்லாந்தபடி நீந்தியது. இறால் வகையாம். தடம் காய்ந்தாலும் முட்டை மண்ணுக்குள்ளே கிடக்குமாம், டாங்கியின் சக்கரச் சேற்றோடு அடுத்த குழிக்குப் போகுமாம். நான் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தேன். உனக்கும் காட்டியிருக்கலாம் என்று நினைத்தேன். சின்ன வயதில் நீ குளத்தடியை விட்டு எழும்பமாட்டாய்.

அப்புறம் அந்தச் சமவெளிக்குள் இருக்கிற இம்பர் என்ற ஊருக்குப் போனோம். வருஷத்தில் சில நாள்தான் திறப்பார்கள். 1943 கார்த்திகையில் ஊர்ச் சனத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு, 47 நாளில் எழும்பச் சொல்லியிருக்கிறார்கள். நூற்றைம்பது பேர் அளவில். அமெரிக்கப் படை வீதிச் சண்டை பழகுவதற்கு. யுத்தம் முடிந்தால் திரும்பலாம் என்று நம்பித்தான் போயிருக்கிறார்கள். இன்றுவரை விடவில்லை. 1961இல் இரண்டாயிரம் பேர் போய்க் கேட்டும் விடவில்லை. தேவாலயம் மட்டும் முழுதாக நிற்கிறது. ஆல்பர்ட் நாஷ் என்ற கொல்லர் பட்டடைக்கல்லில் விழுந்து அழுதாராம். கொஞ்ச நாளில் செத்துப்போனார். அங்கேதான் அடக்கம்.

மற்றவர்கள் படம் எடுத்தார்கள். எனக்கு அதற்குமேல் நடக்க முடியவில்லை.

எங்களுக்கு 47 நாள் கிடைக்கவில்லை. 1990 ஆனியில் ஒரு பின்னேரம் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டோம். அதுவரைதான் உனக்குத் தெரியும். மிச்சத்தை நான் சொல்லவில்லை.

2017இல் இலங்கை ஆமி மயிலிட்டித் துறைமுகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது மல்லாகத்திலிருந்து அப்பாச்சி போன் எடுத்தா. "கிணற்றை ஒருக்கால் பார்த்தால் காணும், வந்து கூட்டிக்கொண்டு போ" என்றா. லீவு இல்லை என்றேன். அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். அவ கண்ணை மூடிய பிறகு எல்லாருக்கும் அதே கதைதான், உனக்கும்கூட. லீவு இருந்தது தம்பி. இருபது நாள் இருந்தது. அங்கே வீடு இல்லை என்று சித்தப்பா எனக்கு முதலே சொல்லிவிட்டான். அவ அதைப் பார்க்கிறதை நான் பார்க்கப் பயந்தேன். அவ்வளவுதான்.

அந்த நேரம் நீ கேட்டாய், நான் கூட்டிக்கொண்டு போகவா அப்பா என்று. ஆமி நிற்கிற இடத்தில் உனக்கென்ன வேலை என்று கத்தினேன். நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய். அதற்குப் பிறகு ஊரைப் பற்றி நீ ஒன்றும் கேட்டதில்லை. நீ போன் எடுக்கவில்லை என்று நான் குறை சொல்கிறேன். கதைக்காமல் இருக்கிறதை உனக்குக் காட்டித் தந்தவன் நான்தான்.

திரும்பி வருகிற வழியில் லொறி ஒன்று எங்களைத் தாண்டியது. பின்னால் பெடியன்கள். முகத்தில் மைபூசி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள். ஒருவன் கையசைத்தான். உன் வயதுகூட வராது. நானும் கையசைத்தேன்.

நீ எது செய்தாலும் நன்றாகச் செய்வாய், அதை எல்லாரிடமும் சொல்கிறேன். வாசிக்காமல் மட்டும் கையெழுத்துப் போடாதே. நல்லாய்ச் சாப்பிடு.

பத்து நாளைக்கு முன் உன் பேருக்கு ஒரு தடித்த கடிதம் இந்த விலாசத்துக்கு வந்தது. உறையின் மூலையில் உள்ள முத்திரையைப் பார்த்தேன். பிரிக்கவில்லை. அம்மாவின் கண்ணில் படாமல் சாமித்தட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பவா, வந்து எடுக்கிறாயா? வருகிறதென்றால் சப்பாத்தும் துடைத்து இருக்கிறது.

அப்பா