ஈஸ்ட்ஹாமிலிருந்து அக்காவுக்கு

ஈஸ்ட்ஹாம், லண்டன்
கார்த்திகை மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். அங்கே அம்மா, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். வட்ஸ்அப்பில் நெடுகக் கதைத்துக்கொண்டு இப்போது இதென்ன கடிதம் என்று யோசிப்பீர்கள். நீங்கள் போனை எடுத்தால் பக்கத்தில் அம்மா இருப்பார், ஸ்பீக்கரில் ஒழுங்கையே கேட்கும். இதில் எழுதப்போகிற சிலதை அம்மாவுக்கு நானே ஆறுதலாகச் சொல்ல வேண்டும். அதுவரை நீங்கள் மட்டும் வாசித்து வைத்திருங்கள்.

"நீ இப்ப நேர்ஸா, டொக்டருக்கு உதவியா, இல்லாட்டி டயட் சொல்லுற ஆளா?" என்று கேட்டீர்கள். மூன்றும் இல்லை. ஹெல்த் கோச் என்று பெயர். இங்கே ஒவ்வொருவரும் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு ஜிபி சர்ஜரியில், அதாவது குடும்ப டொக்டரின் கிளினிக்கில், பதிந்து வைத்திருப்பார்கள். என்ன வருத்தம் என்றாலும் முதலில் அங்கேதான். 2019இல் பக்கத்துப் பக்கத்துச் சர்ஜரிகளைக் கூட்டாகச் சேர்த்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து அந்தக் கூட்டுகள் ஹெல்த் கோச் வைத்துக்கொள்ள அரசாங்கம் காசு கொடுக்கிறது. டொக்டரிடம் ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம். என்னிடம் வந்தால் முக்கால் மணித்தியாலம். நான் மருந்து எழுதுவதில்லை, மாற்றுவதில்லை, ரத்தம் குத்துவதும் இல்லை. இருந்து கதைப்பேன். கதைக்கிறதுக்குச் சம்பளமா என்று அத்தான் சிரிப்பார். சிரிக்கட்டும். கிளீனிங்கில் ஓவர்டைம் செய்தால் இதைவிடக் கூட வரும், ஆனால் இது பகல் வேலை, பிள்ளைகள் வரும் நேரம் வீட்டில் நிற்கலாம்.

இதற்குள் நான் எப்படி வந்தேன் என்பதைத்தான் போனில் சொல்ல முடியவில்லை.

பிள்ளைகளின் அப்பா காலமான பிறகு விடியப்புறம் கனரி வார்ஃப் பக்கம் ஆஃபிஸ்கள் துடைத்தேன், பின்னேரம் ஒரு பள்ளிக்கூடம். இடையில் பிள்ளைகள், சமையல், அவருடைய கடன் கடிதங்கள். நல்லாய் மெலிந்துவிட்டாய் என்று படம் பார்த்துச் சொன்னீர்களே, அது கவலையால் மட்டும் வந்த மெலிவு இல்லை. இரவில் தண்ணீர் குடித்துக் குடித்து, எழும்பி எழும்பிப் போய்க்கொண்டிருந்தேன். சின்னவன் வயிற்றில் இருந்தபோது சீனி கூடினது உங்களுக்குத் தெரியும். பிள்ளை பிறந்ததும் அது போய்விட்டது. அப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சலரோகம் வர வாய்ப்பு அதிகம், அதனால் வருடத்துக்கு ஒருதரம் ரத்தம் பார்க்க வேண்டும் என்பதை எனக்கு விளங்குகிற மொழியில் ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் ரத்தம் பார்த்தார்கள். சலரோகம் என்பதற்கு ஊரில் 6.5 வீதம் என்று சொல்கிற எல்லையை இங்கே 48 என்று எழுதுவார்கள். என்னுடையது அதைத் தாண்டி எங்கேயோ நின்றது. அன்றைக்கு டொக்டர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னது மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அம்மா, அப்பாவுக்கு வந்தது மாதிரி உங்களுக்கும் வருமா எண்டு கேட்கவா?" என்றாள்.

மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம், இப்படியான இடத்தில் பிள்ளையை நடுவில் வைத்துக் கதைக்கக் கூடாது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். டொக்டருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த மனிதர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், அவருக்கும் பத்து நிமிடம்தான். ஆனால் மகள் அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் இரவில் எழும்பி வந்து நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்துவிட்டுப் போவாள். அதை நான் மறக்கவில்லை.

வேறொரு சர்ஜரிக்கு மாறினேன். அங்கே ஒரு சோமாலியப் பெண் கோச்சாக இருந்தார். போன் வழியாக ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து வைத்துக்கொண்டு, "உங்களுக்கு இப்ப எது முக்கியம்?" என்று கேட்டார். சோற்றைக் குறை, சீனியை விடு என்று கேட்கத் தயாராகப் போன எனக்கு வாய் வரவில்லை. நித்திரை என்றேன். சரி, நித்திரையிலிருந்து தொடங்குவோம் என்றார். பின்னேர வேலையைக் குறைக்க என்ன உதவிப்பணம் கேட்கலாம், பிள்ளைகளுடைய துக்கத்துக்குப் பள்ளிக்கூடத்தில் யாரோடு கதைக்கலாம் என்று தேடித் தந்தார். சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கப் பல கிழமை ஆனது. சலரோகத்துக்குத் தந்த மெட்ஃபோர்மின் மாத்திரை வயிற்றைக் குழப்புகிறது என்று நான் சும்மா சொன்னதைக் கேட்டு, சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னார்களா, மெதுவாகக் கரைகிற வகையும் இருக்கிறது, பார்மசிஸ்டிடம் கேளுங்கள் என்று அனுப்பியதும் அவர்தான்.

பிறகு இங்கே ஈஸ்ட்ஹாம் சென்ட்ரல் பார்க்கில் பெண்கள் நடக்கும் குழுவில் சேர்ந்தேன். அங்கே எங்களுடைய ஆட்களுக்கு நான் கடிதம் வாசித்துச் சொல்ல, கொலிஜில் ஆங்கிலம் படிக்க, இந்த வேலைக்குப் பயிற்சி எடுக்க என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. அதையெல்லாம் விரித்து எழுத ஒன்றுமில்லை. பயிற்சியில் முக்கியமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் குடியை விட முடியாதவர்களோடு வேலை செய்து 1983இல் எழுதிய முறை அது; பிறகு ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து வளர்த்தார். "இதைச் செய்" என்று ஒரு ஆளைத் தள்ளினால், அவர் ஏன் செய்ய முடியாது என்று வாதாடத் தொடங்குவார். வாதாட வாதாட அதிலேயே உறுதியாகி விடுவார். அதனால் தனக்கு ஏன் வேண்டும் என்பது அவருடைய வாயாலேயே வரும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எங்கட ஆட்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். புத்தி சொல்லாமல் இருக்கிறது! தொடக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

என்னிடம் வருகிறவர்களின் பெயரை எழுத முடியாது, அடையாளமும் சொல்லக் கூடாது. பொதுவாகச் சொல்கிறேன். தமிழ்ப் பெண்கள், வங்காளப் பெண்கள், சோமாலியர், ருமேனியர் என்று எல்லோரும் வருவார்கள். பேரப்பிள்ளை பார்க்க ஊரிலிருந்து கூப்பிடப்பட்ட அம்மாமாருக்குச் சர்ஜரியில் பதிந்திருப்பது மகனுடைய போன் இலக்கம். கண் பரிசோதனைக்கு வா என்று வருகிற செய்தி வேலையில் நிற்கிற மகனுக்குப் போகும். பிறகு "வரவில்லை" என்று அம்மாவின் பெயரில் எழுதப்படும். இலக்கத்தை மாற்றி, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குறித்துவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. இதற்கு உளவியலும் தேவையில்லை, மில்லரும் தேவையில்லை.

தஞ்சம் கேட்டு ஹோட்டலில் வைக்கப்பட்டிருக்கிற பெண்கள்தான் என்னைக் கூட யோசிக்க வைக்கிறார்கள். ஹோட்டல் என்றதும் ஊரில் நினைப்பது மாதிரி இல்லை, அக்கா. ஒரு அறை, குசினி கிடையாது, தட்டில் வருகிறதைச் சாப்பிட வேண்டும், கைச்செலவுக்குக் கிழமைக்குப் பத்துப் பவுண்கூட இல்லை. சலரோகம் உள்ள ஒரு பெண்ணுக்கு வெள்ளைப் பாணும் சிப்ஸும் பாஸ்தாவும் வந்தால் நான் "தவிட்டரிசி சமையுங்கள்" என்று சொல்வதா? அங்கே கோச்சின் வேலை வேறு மாதிரி. சர்ஜரியிலிருந்து சாப்பாட்டைப் பற்றி ஒரு கடிதம் வாங்கித் தருவது, மருந்து இலவசமாகக் கிடைக்க HC2 என்ற பத்திரம் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது, சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது சீனியைக் குறைக்கும் என்பதால் வெளியே போகப் பயமாக இருந்தால் ஹோட்டல் தாழ்வாரத்திலேயே சேர்ந்து நடப்பது. இதில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. குசினி கிடைத்தால்தான் சரியாகும்.

எங்களுடைய வீடுகளில் குசினி இருக்கிறது, அங்கே வேறு கதை. எல்லோருக்கும் போட்டுவிட்டு, பிள்ளை மிச்சம் விட்டதையும் பானையில் கிடந்ததையும் நின்றபடி சாப்பிடுகிற பெண்ணிடம் "எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டால் அவருக்கே தெரியாது. முதலில் தட்டில் போட்டு இருந்து சாப்பிடுவது, அதுவே ஒரு பெரிய மாற்றம். சர்ஜரியில் கொடுக்கிற தாளில் ஓட்ஸும் சலாட்டும் இருக்கும், புட்டைப் பற்றி ஒரு சொல் இருக்காது. நான் புட்டை விடச் சொல்வதில்லை. அரைவாசி புட்டு, மிச்ச இடத்துக்குக் கீரையும் கத்தரிக்காயும் மீனும் என்றால் மாமியாரும் சண்டை பிடிக்க மாட்டார். சிவப்பரிசி மா என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதை மட்டும் மெல்ல உடைக்க வேண்டும்.

கந்தசஷ்டிக்கு மேனர் பார்க் முருகன் கோயிலில் நிறைய ஆட்கள் ஆறு நாளும் விரதம். பிடிக்காதே என்று சொல்ல நான் யார்? மெட்ஃபோர்மின் மட்டும் எடுக்கிறவருக்கு ஒரு கதை, இன்சுலினோ கிளிக்லசைட் என்ற மாத்திரையோ எடுக்கிறவருக்கு வேறு கதை. வெறும் வயிற்றில் சீனி சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். விரதத்துக்கு முதலே நேர்ஸிடமோ பார்மசிஸ்டிடமோ கேட்டு மருந்தை ஒழுங்கு செய்யுங்கள் என்று இந்த முறை தொடங்கும் முன்பே ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னேன். சிலர் கேட்டார்கள். சிலர் முருகன் பார்த்துக்கொள்வான் என்றார்கள்.

இதெல்லாம் போக, கதவைச் சாத்திய பிறகுதான் வேறு கதைகள் வெளியே வரும். தும்மினால் சலம் போகிறது, அவருக்குக் கைநீட்டுகிற பழக்கம், அழுகை வருகிறது ஏன் என்று தெரியவில்லை. "உடம்பெல்லாம் நோ" என்று தொடங்குகிற பேச்சு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. என்னால் முடியாததை முடிகிற ஆளிடம் அன்றைக்கே கொண்டுபோய் விடுவேன். அதற்கு மேலே எனக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், மனம் பாரமானால் அவரோடு நான் கதைக்கலாம்.

இப்போது உங்களிடம் வருகிறேன். அம்மாவுக்குச் சலரோகம், எனக்குச் சலரோகம். நீங்கள் "நான் குண்டில்லையே" என்பீர்கள். தெற்காசிய ஆட்களுக்கு, உயரத்துக்கு எவ்வளவு எடை என்று பார்க்கிற பிஎம்ஐ கணக்கில் எச்சரிக்கை 23இலேயே தொடங்குகிறது, வெள்ளைக்காரருக்குத்தான் 25. உங்களுக்கு எது முக்கியம் என்று நான் முக்கால் மணித்தியாலம் கேட்கப் போவதில்லை. தங்கச்சி என்ற முறையில் சொல்கிறேன், ஊரிலுள்ள சுகவாழ்வு நிலையத்துக்குப் போய் வெறும் வயிற்றில் ரத்தம் பாருங்கள். 35 தாண்டியவர்களுக்கு அங்கே காசில்லாமல் பார்ப்பார்கள். அத்தானையும் கூட்டிக்கொண்டு போங்கள், பிரஷரும் பார்த்தமாதிரி இருக்கும். றிப்போட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அம்மாவின் போனிலிருந்து வேண்டாம்.

குரக்கன் மா அனுப்ப வேண்டாம், ஹை ஸ்ட்ரீட் நோர்த் கடைகளில் கிடைக்கிறது. யாராவது வந்தால் வல்லாரையும் முருங்கையிலையும் காயவைத்துக் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். மூத்தவளுக்குச் சோதனை முடிந்ததும் அடுத்த வருடம் வரப் பார்க்கிறோம், டிக்கெட் விலையைப் பொறுத்து.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி