பெட்டியைத் தூக்குமுன் பின்பக்கத்தில் ஒருமுறை செருகிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கமிருந்து கொம்பியூட்டர் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ வருகிறார்கள். "பென்டிரைவ் எடுக்குதில்லை, போட் செத்துப்போச்சு" என்பதே முறைப்பாடு. பல வேளைகளில் போட்டுக்கு, அதாவது பென்டிரைவ் செருகும் யூ.எஸ்.பி துளைக்கு, ஒன்றும் ஆகியிருக்காது. குலுங்கி வந்த வழியில் உள்ளே செருகியிருக்கும் ரம் கார்ட் (நினைவகத் தகடு) இளகி, வீட்டில் ஓடிய பெட்டி கடையில் உயிர்க்காமல் நிற்பதுதான் மிச்சம்.

முன்பக்கத்தில் எடுக்காத பொருளை முதலில் பின்பக்கத்தில் செருகுங்கள். பின்பக்க போட்டுகள், பெட்டியின் பிரதான மின்சுற்றுப் பலகையான மதர்போட்டிலேயே ஒட்டப்பட்டவை. முன்பக்கத்தவை உள்ளே ஒரு மெல்லிய வயரில் தொங்குகின்றன. பின்னால் எடுத்தால் மதர்போட் நல்லது. சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்க மூடியைத் திறந்து, அந்த வயரின் முனையை அழுத்திவிடுங்கள். யூ.எஸ்.பி 2 வயர் என்றால் இரண்டு வரிசையில் 9 ஊசிகள் உள்ள இடம் அது. ஒரு மூலையில் ஊசி இருக்காது, அதைப் பார்த்தே திசை பிடிக்கவேண்டும்.

போன் சார்ஜ் ஏறுகிறது, படங்கள் மட்டும் வரவில்லை என்றால் வயரைச் சந்தேகியுங்கள். மலிவான சார்ஜர் வயர்கள் சிலவற்றுக்குள் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே ஓடும். தரவுக்கு இன்னும் இரண்டு வேண்டும். போனின் பூட்டைத் திறந்து 'பைல் ட்ரான்ஸ்பர்' என்பதைத் தெரிவு செய்யாவிட்டாலும் இதே கதைதான்.

கையடக்க ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டு நின்றால், பழுதென்று முடிவு கட்டுமுன் அதற்குப் போதிய மின்சாரம் போகிறதா என்று பாருங்கள். யூ.எஸ்.பி 2 போட் தருவது 500 மில்லி அம்பியர், யூ.எஸ்.பி 3 தருவது 900. பெரும்பாலும் துளைக்குள் நீல நாக்கு இருப்பது பின்னையது. எக்ஸ்டென்ஷன் வயர் இல்லாமல், அதன் சொந்த வயரில், பின்பக்க நீலப் போட்டில் போடுங்கள். அப்போதும் அதே சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப முயலவேண்டாம், உள்ளிருப்பதை மீட்கும் வாய்ப்புக் குறையும். அந்த டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே வயர்லெஸ் மவுஸின் குமிழை (அதன் அலையை வாங்கும் சிறு துண்டை) செருகினால் மவுஸ் தடுமாறும். யூ.எஸ்.பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் விழுவதே காரணம். இரண்டையும் தள்ளிச் செருகினால் போதும்.

அடுத்தது நம் ஊர்ச் செம்மண் புழுதி. டோர்ச் அடித்து போட்டுக்குள் பாருங்கள். நாக்கின் மேல் நான்கு மெல்லிய தகடுகள் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். ஒன்று வளைந்து வெளிக்கூட்டைத் தொட்டால் 'பவர் சேர்ஜ்' (மின்சாரம் மிகையாகப் பாய்கிறது) என்ற எச்சரிக்கை வரும், சில பெட்டிகள் இயங்கவே மறுக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகு காய்ந்த ஈர்க்கு நுனியாலோ மென்மையான தூரிகையாலோ புழுதியை வெளியே இழுங்கள். ஊசி வேண்டாம். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். பிளக்கை மாட்டுமுன் பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரமும் இறங்கிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகே விண்டோஸ். விண்டோஸ் விசையுடன் எக்ஸ் அழுத்தி 'டிவைஸ் மனேஜர்' திறந்து, மஞ்சள் அடையாளம் விழுந்த பொருளை 'அன்இன்ஸ்டோல்' செய்து பெட்டியை மீள இயக்குங்கள். சற்று நேரம் சும்மா இருந்தால் மட்டும் துண்டிக்கப்படுகிறது என்றால், அதே 'டிவைஸ் மனேஜரில்' 'யூ.எஸ்.பி ரூட் ஹப்' ஒவ்வொன்றிலும் 'பவர் மனேஜ்மென்ட்' பக்கத்தில் உள்ள முதல் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். பென்டிரைவைப் 'போமட் செய்யவா' என்று கேட்டால், உள்ளிருப்பது தேவையென்றால் 'இல்லை' என்றே சொல்லுங்கள்.

மின்னல் விழுந்தபின் இணையம் நின்றால் ரவுட்டரிலிருந்து வரும் வயரைச் செருகும் லான் போட்டின் சிறு விளக்குகளைப் பாருங்கள். வேறு வயர் போட்டும், ரவுட்டரில் வேறு துளைக்கு மாற்றியும் எரியவில்லையா? கருகியது லான் போட் மட்டுமென்றால் அதற்காக மதர்போட் மாற்றத் தேவையில்லை. யூ.எஸ்.பியில் செருகும் சிறிய லான் அடாப்டர் அந்த வேலையைச் செய்யும். ஒக்டோபர், நவம்பர் இடிமழைக் காலத்தில் மின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டுத் தொலைபேசி வயரை ரவுட்டரில் விட்டுவைப்பதால்தான் அநேகமாக இது நேர்கிறது.

திருத்துவோரிடமும் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் கொண்டுவந்த பென்டிரைவையே அவர் கண்முன் முன்னாலும் பின்னாலும் செருகிக் காட்டிவிட்டு விலை சொல்லுங்கள். மதர்போட் மாற்றினால் கழற்றிய பழையதைப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி திருத்துநர்,
கிளிநொச்சி